நோம் நகருக்கு மருந்து கொண்டுபோன தபால் நாய்கள்

நாய்களின் வீரக்கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். எஜமானின் சமாதியை விட்டு நகராத நாய், ரயிலை நிறுத்திய நாய் என்று வாட்ஸாப்பில் வருவதில் பாதியாவது யாரோ உட்கார்ந்து ஜோடித்ததாக இருக்கும். அலாஸ்காவின் நோம் நகருக்கு 1925-இல் நாய்கள் மருந்து கொண்டுபோன கதை அந்த ரகம் இல்லை. தேதி, மணி, தந்தி வாசகம், ஓட்டியவர்களின் பெயர் எல்லாமே பதிவாகியிருக்கின்றன. என் மனக்குறை வேறு. சொல்பவர்கள் எல்லோரும் கடைசி 85 கிலோமீட்டரையும் பால்டோ என்ற ஒரே ஒரு நாயையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. அதில் ஓடியவர்களில் பலர் தபால் வண்டிக்காரர்கள். எனக்கு அவர்கள் கதைதான் பிடிக்கும்.

நோம், பேரிங் கடலோரத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. 1900 வாக்கில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு 20,000 பேர் வந்து குவிந்த ஊர். தங்கம் தீர்ந்ததும் கூட்டமும் கலைந்துவிட்டது. 1925-இல் மிச்சமிருந்தது சுமார் 1,400 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அலாஸ்காவின் பூர்வகுடி. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், கப்பல் வராது. சாலை கிடையாது, ரயில் கிடையாது. வெளியுலகத்தோடு தொடர்பு என்றால் தந்தி, அதைவிட்டால் நாய்கள் இழுக்கும் தபால் வண்டி.

ஊருக்கு ஒரே மருத்துவர், கர்டிஸ் வெல்ச். அவருக்குத் துணையாக நான்கு செவிலியர்கள், சின்னதாக ஒரு மருத்துவமனை. கையிருப்பில் இருந்த டிப்தீரியா சீரம் காலாவதியாகிவிட்டதால் புதிது வேண்டும் என்று 1924-இலேயே எழுதிக் கேட்டிருந்தார். துறைமுகம் உறைவதற்கு முன் வந்த கடைசிக் கப்பலில் அது வரவில்லை. அரசு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். இண்டென்ட் போட்டாயிற்று, சரக்கு வரவில்லை. போன வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, இந்த வருஷமும் சமாளித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

டிசம்பரில் குழந்தைகளுக்குத் தொண்டை வலி வர ஆரம்பித்தது. முதலில் டான்சில் என்றே நினைத்தார் வெல்ச். சில குழந்தைகள் இறந்தார்கள். ஜனவரி 20 வாக்கில் ஒரு மூன்று வயதுப் பையனின் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வைப் பார்த்தபோது அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. அந்தப் பையன் பிழைக்கவில்லை. அடுத்து வந்த ஏழு வயதுப் பெண்ணுக்குப் பழைய சீரத்தையே போட்டுப் பார்த்தார். அவளும் அன்றே இறந்துபோனாள்.

இன்று இந்த நோயை நேரில் பார்த்தவர்கள் குறைவு. நம் ஊர் முத்தடுப்பு ஊசியில் இருக்கும் மூன்றில் ஒன்று இதற்கானதுதான். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அந்த ஊசியைத் தயாரித்து வந்திருக்கிறது. ஊசி போட்ட ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடித்து, அம்மாவும் பாட்டியும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இந்தச் சவ்வைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான். தொண்டையில் உட்காரும் பாக்டீரியா ஒரு நச்சைச் சுரக்கும். திசுக்கள் செத்துச் சவ்வாகப் படர்ந்து மூச்சுக்குழலை அடைக்கும். நச்சு ரத்தத்தில் கலந்தால் இதயமும் நரம்பும் பாதிக்கப்படும். அதற்கு முறிவு, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நச்சைச் செலுத்தினால் அதன் உடல் முறிவை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்துக் குழந்தைக்குப் போடுவார்கள். எமில் ஃபான் பேரிங், கிட்டாசாட்டோ என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1890-இல் இந்த வழிக்கு அடித்தளம் போட்டார்கள். 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்கு இதற்காகவே கிடைத்தது. (கிட்டாசாட்டோவுக்கு ஏன் பங்கு தரவில்லை என்பது தனிப் பஞ்சாயத்து.) ஆக, நாய் கொண்டுபோன மருந்து, குதிரை கொடுத்த மருந்து. அந்தக் குதிரைகளைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

ஜனவரி 22-ஆம் தேதி வெல்ச் வாஷிங்டனுக்கும் அலாஸ்காவின் மற்ற ஊர்களுக்கும் தந்தி அடித்தார். பத்து லட்சம் யூனிட் சீரம் அவசரமாக வேண்டும் என்று கேட்டார். ஊர் முழுக்கத் தனிமைப்படுத்தல். அவருடைய பயத்துக்குப் பின்னால் இன்னொரு நினைவும் இருந்தது. 1918-19 இன்ஃபுளுவென்சா நோம் வட்டாரத்துப் பூர்வகுடிகளில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோயிருந்தது. வெளியிலிருந்து வந்த நோய்களுக்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு இல்லை. அது நடந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது.

மூன்று லட்சம் யூனிட் ஆங்கரேஜ் ரயில்வே மருத்துவமனையில் இருப்பது தெரியவந்தது. போதாதுதான். ஆனால் சியாட்டிலிலிருந்து பெரிய சரக்கு வந்து சேரும்வரை நோயைப் பிடித்து நிறுத்தலாம். கண்ணாடிக் குப்பிகளை மெத்தைத் துணியில் சுற்றி, உலோக உருளைக்குள் வைத்துக் கட்டினார்கள். எல்லாம் சேர்ந்து சுமார் ஒன்பது கிலோ. ஆங்கரேஜிலிருந்து நெனானா வரை ரயில் உண்டு, அது முடிந்தே இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நெனானாவிலிருந்து நோம் வரை 1,085 கிலோமீட்டர் வெறும் பனி.

விமானத்தில் அனுப்பலாமே என்று பலர் குரல் கொடுத்தார்கள். பத்திரிகைகளும் எழுதின. ஃபேர்பேங்ஸில் விமானங்கள் இருந்தன, குளிர்காலத்துக்காகக் கழற்றிப் போடப்பட்டிருந்தன. விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அந்தக் குளிரில் தண்ணீர் எப்படி நிற்கும்? அனுபவசாலி விமானிகளும் ஊரில் இல்லை. ஆளுநர் ஸ்காட் போன் நாய்களையே தேர்ந்தெடுத்தார். புதுமைக்குப் பயந்த கிழவர் என்று அவரைச் சிலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானம் விழுந்தால் விமானியோடு சேர்ந்து அந்தப் பிரதேசத்தில் இருந்த சீரமும் போய்விடும். நாய் வண்டி கவிழ்ந்தால் நிமிர்த்தி வைக்கலாம். கவிழவும் செய்தது, பின்னால் வருகிறேன்.

இங்கேதான் தபால் வருகிறது. நெனானாவிலிருந்து நோம் போகும் தடம் இந்த மருந்துக்காக வெட்டியது கிடையாது. வருஷக்கணக்காகத் தபால் வண்டிகள் ஓடித் தேய்ந்த பாதை அது. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு தங்கும் விடுதி. அங்கே அடுப்பு எரியும், மனிதர்களுக்குச் சாப்பாடு, நாய்களுக்குக் காய்ந்த சால்மன் மீன். தபால் வண்டி எதிரே வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். விடுதிக்குள் நுழைந்தால் தபால்காரருக்குத்தான் அடுப்பங்கரைப் பக்கம் நல்ல இடம். வழக்கமான தபால் இந்தத் தூரத்தைக் கடக்க 25 நாள் ஆகும். அதுவரையிலான சாதனை 9 நாள். சீரமோ அந்தக் குளிரில் ஆறு நாள்தான் தாங்கும் என்பது வெல்ச்சின் கணக்கு.

ஒரே ஆள் ஓட்டினால் ஆகாது. ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதி வரை ஒருவர், அங்கே களைப்பில்லாத நாய்களோடு இன்னொருவர் என்று தொடர் ஓட்டமாக ஏற்பாடு செய்தார்கள். மொத்தம் இருபது ஓட்டிகள், 150 நாய்கள் வரை. யூக்கான் நதிப் பக்கத்து ஓட்டிகளில் பெரும்பாலோர் அதபாஸ்கன் என்ற பூர்வகுடி இனத்தவர், அல்லது அந்தக் குடும்பங்களில் பிறந்த கலப்பினத்தவர். அந்த ஆற்றின் பனி எங்கே கெட்டி, எங்கே மேலே பனியும் கீழே தண்ணீருமாக ஏமாற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வண்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடிவாளம் கிடையாது. ஓட்டுபவர் பின்னால் சறுக்குக்கட்டைமேல் நின்றுகொண்டு குரல் கொடுப்பார். வலப்பக்கம் திரும்ப 'ஜீ', இடப்பக்கம் திரும்ப 'ஹா'. முன்னால் ஓடும் தலைமை நாய்க்கு அது கேட்க வேண்டும், கேட்டாலும் அது சம்மதிக்க வேண்டும். பனிப்புயலில் ஓட்டுபவருக்குத் தன் கையே தெரியாது. அப்போது பாதையைக் காலாலும் மூக்காலும் கண்டுபிடிப்பது தலைமை நாய்தான். முன்னே மெல்லிய பனி இருப்பது தெரிந்தால், போ என்று சொன்னாலும் போகாமல் நிற்கும். அப்படி நிற்கத் தெரிந்த நாய்க்குத்தான் மதிப்பு. எங்கள் தெரு நாய் மார்கழிப் பனிக்கே டீக்கடை அடுப்போரம் ஒண்டிவிடும். இந்த நாய்களுக்கு இரட்டை ரோமம். பாதத்தில் ரத்தக் குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டி ஓடுவதால் குளிர்ந்து திரும்பும் ரத்தம் வழியிலேயே சூடேறிவிடும். உணவில் கொழுப்பு அதிகம், ஓட்டத்துக்கு எரிபொருளும் அதுவே.

ஆனால் எல்லா நாயும் ஒரே வார்ப்பு கிடையாது. முதல் ஓட்டி 'வைல்ட் பில்' ஷானன், ஜனவரி 27 இரவு நெனானாவில் மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மைனஸ் 46 டிகிரி. அவருடைய நாய்களில் பல இளசுகள், அனுபவம் போதாது. குதிரைகள் நடந்து தடம் சிதைந்திருந்ததால் உறைந்த ஆற்றுமேல் இறங்க வேண்டியதாயிற்று, அங்கே குளிர் இன்னும் கடுமை. உடம்பில் சூடு ஏற வண்டியோடு கூடவே ஓடினார். அதிகாலை மூன்று மணிக்கு மின்டோ விடுதியை அடைந்தபோது அவர் முகம் குளிரில் கருகிக் கறுத்திருந்தது. வெளியே மைனஸ் 52. சீரத்தை அடுப்பருகே வைத்துச் சூடுபடுத்தி, மூன்று நாய்களை அங்கேயே விட்டுவிட்டு, மற்றவற்றோடு மேலே போனார். திரும்பி வந்து எடுத்துப்போன அந்த மூன்று நாய்களும் பிழைக்கவில்லை.

அடுத்தவர் எட்கர் காலண்ட்ஸ். அவர் போய்ச் சேர்ந்தபோது கை வண்டியின் பிடிக்கட்டையோடு ஒட்டி உறைந்துபோனதால், விடுதிக்காரர் வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார் என்று சொல்கிறார்கள். சார்லி எவன்ஸ் கதை இன்னும் கஷ்டம். குட்டை ரோமமுள்ள கலப்பு நாய்களின் அடிவயிற்றையும் தொடையிடுக்கையும் முயல்தோல் கட்டிக் காப்பது வழக்கம். அவர் அன்று அதைக் கொண்டுவர மறந்துவிட்டார். வழியில் முன்வரிசை நாய்கள் இரண்டும் விழுந்தன. அவற்றைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு, வாரைத் தன் தோளில் மாட்டி, மிச்ச நாய்களோடு சேர்ந்து அவரே இழுத்துக்கொண்டு நுலாட்டோ வந்து சேர்ந்தார். அந்த இரண்டு நாய்களும் இறந்துவிட்டன. இந்தக் கதையில் எனக்கு ரொம்பவும் நெருங்கிய இடம் இதுதான். இதற்குச் சிலை எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடலோரத்தில் ஆட்டத்துக்கு வருபவர் லியோனார்டு செப்பாலா. நார்வேயில் பிறந்து தங்கச் சுரங்க வேலைக்கு நோம் வந்தவர். சைபீரியாவிலிருந்து வந்த சிறிய உருவ நாய்களைப் பழக்கிப் பந்தயங்களில் ஜெயித்தவர். 1915, 16, 17 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அலாஸ்காவின் பெரிய பந்தயத்தை வென்றார். அந்த நாய்கள் முதலில் வந்தபோது 'சைபீரிய எலிகள்' என்று உள்ளூர்க்காரர்கள் கேலி செய்திருந்தார்கள். அவருடைய தலைமை நாய் டோகோவுக்கு அப்போது 12 வயது, நாய்க் கணக்கில் கிழம். குட்டியாக இருந்தபோது நோஞ்சான், சேட்டைக்காரன் என்று வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து திரும்ப ஓடிவந்துவிட்டது.

முதல் திட்டப்படி செப்பாலா நோமிலிருந்து கிழக்கே போய், பாதித் தூரத்தில் நுலாட்டோவில் மருந்தை வாங்கி அப்படியே திரும்ப வேண்டும். அவர் கிளம்பிய பிறகு திட்டத்தை மாற்றி இடையில் நிறையப் பேரைச் சேர்த்துவிட்டார்கள். நடுப்பாதையில் இருப்பவருக்கு அதை எப்படிச் சொல்வது? சக்தூலிக் அருகே எதிரே ஒரு வண்டி நின்றிருந்தது. ஹென்றி இவானாஃப்பின் நாய்கள் ஒரு கலைமானைப் பார்த்துப் பாய்ந்து வாரெல்லாம் சிக்கலாகி, அவர் பிரித்துக்கொண்டிருந்தார். செப்பாலா நிற்காமல் தாண்டிப் போனார். சீரம் என்னிடம் இருக்கிறது என்று இவானாஃப் கத்தியது காற்றில் எப்படியோ காதில் விழுந்தது. விழாமல் போயிருந்தால் வெறும் வண்டியோடு நுலாட்டோ வரை போயிருப்பார்.

அதற்குள் அவர் 274 கிலோமீட்டர் ஓடி வந்திருந்தார். மருந்தை வாங்கியதும் அன்றிரவே திரும்பினார். எதிரே நார்ட்டன் சவுண்ட், உறைந்த கடல் விரிகுடா. அதைச் சுற்றிக்கொண்டு போனால் பத்திரம், குறுக்கே போனால் நேரம் மிச்சம். அன்றுதான் மைல்ஸ் கொனாங்னன் என்ற பூர்வகுடி ஓட்டி, காற்றின் போக்கைப் பார்த்துக் குறுக்கே போக வேண்டாம் என்று கரையோரமாகவே மருந்தைக் கொண்டுவந்திருந்தார். செப்பாலா குறுக்கே போனார். இருட்டு, எதிர்க்காற்று, காலடியில் எப்போது விரியும் என்று தெரியாத பனி. டோகோவை நம்பிக் கடந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பனிப்பரப்பு உடைந்து நகர ஆரம்பித்துவிட்டது. கொனாங்னன் எடுத்ததே சரியான முடிவு என்று எனக்குப் படுகிறது. செப்பாலாவுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. ஆனால் அவருடைய எட்டு வயது மகள் நோமில் இருந்தாள். நான் கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது சுலபம்.

கொலோவினில் மருந்தைக் கொடுத்தபோது செப்பாலாவும் டோகோவும் ஓடியிருந்த மொத்தத் தூரம் 420 கிலோமீட்டர். அதில் மருந்தோடு 146. மற்றவர்கள் பெரும்பாலும் ஆளுக்கு ஐம்பதை ஒட்டி.

அங்கிருந்து சார்லி ஓல்சன், அவரிடமிருந்து குன்னர் காசென். காசென் ஓட்டிய வண்டியின் தலைமை நாய்தான் பால்டோ. வேடிக்கை என்னவென்றால் பால்டோவும் செப்பாலா வளர்த்ததுதான். சரக்கு இழுக்கத்தான் லாயக்கு என்று வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். பிப்ரவரி 1 இரவு புயல் உச்சத்தில் இருந்தது. சாலமன் என்ற இடத்தில் காத்திருக்கச் சொல்லிச் செய்தி வந்திருந்தது, புயலில் அந்த ஊரையே காணாமல் தாண்டிவிட்டார். ஒரு கட்டத்தில் காற்று வண்டியைத் தூக்கிக் கவிழ்த்தது. உருளை பனிக்குள் விழுந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் துழாவி எடுத்தார். கடைசி ஓட்டியான எட் ரோன், புயலில் யாரும் வரமாட்டார்கள் என்று போர்ட் சேஃப்டியில் தூங்கிக்கொண்டிருந்தார். காசென் அவரை எழுப்பவில்லை. அவரை எழுப்பி நாய்களைப் பூட்ட நேரமாகும், தன் நாய்கள் நன்றாக ஓடுகின்றன என்பது அவர் சொன்ன காரணம். பெயர் வாங்கத்தான் எழுப்பவில்லை என்று பின்னால் முணுமுணுத்தவர்களும் உண்டு. பிப்ரவரி 2 காலை ஐந்தரை மணிக்கு நோம் வந்து சேர்ந்தார். நெனானாவிலிருந்து ஐந்தரை நாளுக்குள். ஒரு குப்பிகூட உடையவில்லை. உறைந்திருந்த மருந்தை இளக்கி மதியத்துக்குள் ஊசி போடத் தயார் செய்துவிட்டார்கள்.

இறந்தவர்கள் ஐந்திலிருந்து ஏழு என்பது அரசுக் கணக்கு. ஊருக்கு வெளியே பூர்வகுடிக் குடியிருப்புகளில் இன்னும் நூறு பேருக்காவது நோய் கண்டிருக்கலாம் என்று வெல்ச் நினைத்தார். அங்கே இறந்த குழந்தைகளை யாருக்கும் சொல்லாமலே புதைத்துவிடுவது உண்டு என்பது அவர் சொன்ன காரணம். நகரம் காப்பாற்றப்பட்டது என்று எழுதும்போது இந்த வரியையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

கடைசியில் வந்தவருக்குத்தான் படமெடுப்பு. அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள், திறப்பு விழாவுக்குப் பால்டோவே வந்திருந்தது. டோகோ செய்ததையும் பத்திரிகைகள் பால்டோ கணக்கில் எழுதின. செப்பாலாவுக்கு அது ஆறவே இல்லை. ஆனால் பால்டோவைத் திட்டி என்ன பயன், அது பேட்டியா கொடுத்தது? ஊர் ஊராகக் காட்டிய பிறகு அதையும் கூட இருந்த ஆறு நாய்களையும் விற்றுவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பத்து சென்ட் கொடுத்து வேடிக்கை பார்க்கும் ஒரு மலிவுக் கண்காட்சியில் நோஞ்சானாகக் கட்டிக்கிடந்ததை, கிளீவ்லாந்து வியாபாரி ஒருவர் பார்த்தார். 1927-இல் அந்த நகரத்துப் பள்ளிப்பிள்ளைகளும் மற்றவர்களும் பத்தே நாளில் இரண்டாயிரம் டாலர் சேர்த்து மீட்டார்கள். 1933-இல் இறந்த பிறகு பால்டோவைப் பாடம் பண்ணி அங்குள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். டோகோவுக்குத் தாமதமாக என்றாலும் மரியாதை கிடைத்தது, தென்துருவம் போன அமுண்ட்சென் கையால் பதக்கம். 1929-இல் இறந்தது, அதன் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன. பால்டோவுக்கோ குட்டியாக இருக்கும்போதே காயடித்துவிட்டதால் வாரிசு இல்லை. 2023-இல் அதன் பாடம் பண்ணிய தோலிலிருந்து மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். இன்றைய ஹஸ்கி இனத்து நாய்களைவிட அதனிடம் மரபுக் கலப்பு அதிகமாக இருந்தது. வேலைக்காக வளர்த்த நாய், கண்காட்சிக்காக வளர்த்ததில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மருந்து தயாரித்த மல்ஃபோர்டு நிறுவனம் ஓட்டிகளுக்கு ஆளுக்கொரு தங்கப் பதக்கம் கொடுத்தது. ஜனாதிபதி கூலிட்ஜின் பாராட்டுக் கடிதமும் வந்தது. பூர்வகுடி ஓட்டிகளைப் பேட்டி காண யாரும் அவசரப்படவில்லை. அவர்களில் ஒருவரான எட்கர் நோல்னர் 1999 வரை உயிரோடு இருந்தார், அந்த இருபது பேரில் கடைசியாகப் போனவர் அவர்தான்.

இன்னொரு ஓட்டமும் நடந்தது. சியாட்டிலிலிருந்து கிளம்பிய பெரிய சரக்கு பிப்ரவரி 7-ஆம் தேதி அலாஸ்காவின் செவர்டு துறைமுகம் வந்தது. அதில் பாதியையாவது விமானத்தில் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும் என்று இந்த முறை பிடிவாதமாக இருந்தார்கள். இன்ஜின் கிளம்பவில்லை. பழையபடி நாய்களைத்தான் கூப்பிட்டார்கள். முதல் தடவை ஓடியவர்களில் பலர் அதே குளிரில் மறுபடியும் ஓடி, பிப்ரவரி 15-ஆம் தேதி மருந்தைச் சேர்த்தார்கள். இதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. மல்ஃபோர்டு பதக்கமும் முதல் ஓட்டத்துக்கு மட்டும்தான்.